பலூன் சார்

ராணுவ அலுவலகத்தில் அவருக்குப் பலூன் சார் என்று பட்டப்பெயர். வானத்தில் எதையோ பார்த்தேன் என்று யார் எழுதிப்போட்டாலும் நேரில் போய் விசாரித்து, "அது பலூன்" என்று முடித்துவிட்டு வருவார். பாதி நேரம் அது பலூன்தான். மீதி நேரம் அவருடைய படையே ரகசியமாகப் பறக்கவிட்டது. அதை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. சொல்ல வீட்டில் ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

அன்று விசாரிக்கப் போனது ஓய்வுபெற்ற கடிகார மெக்கானிக் ஒருவரை. வாசலிலேயே மகள் மடக்கிவிட்டாள்.

"சார், அப்பாவுக்கு ஒரு மாசமா இதே பேச்சு. டாக்டர் மூளை குழம்புது, தனியா விடாதீங்கன்னுட்டார். முதியோர் விடுதியில இடம் சொல்லி வச்சிருக்கேன். நிஜமாவே ஏதோ பறந்துச்சுன்னு நீங்க சொல்லிட்டா அவர் இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

நியாயமாகத்தான் கேட்டாள். ஆனால் யாரிடம் போய்க் கேட்டாள் பாருங்கள்.

உள்ளே பெரியவர் மேஜையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தார். "சாயங்காலம் நாலு பதினேழு, தம்பி. தண்ணித்தொட்டிக்கு மேல வந்துச்சு. சத்தமே இல்ல. அப்படியே நின்னுச்சு."

"நின்னுட்டு, இடது பக்கமாத் திரும்பி மேல ஏறிடுச்சு," என்று எழுதிக்கொண்டே முடித்துவைத்தார் பலூன் சார்.

பேனா நின்றது. அதைப் பெரியவர் இன்னும் சொல்லவேயில்லை. அவர் போட்ட கடிதத்திலும் கிடையாது. இருபது வருஷத்தில் வாய் தவறியது இதுதான் முதல் தடவை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பலூன் சாரால் பார்க்க முடியவில்லை.

மகள் டீயோடு வந்து நின்றாள். "என்ன சார், ஏதாவது பறந்துச்சா?"

ஆமாம் என்றால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. பலூன் சார் டம்ளரைப் பார்த்தபடி, "அன்னிக்கு இந்தப் பக்கம் எதுவுமே பறக்கலம்மா," என்றார். வெட்கமாக இருந்தது.

பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பலூன் சார் மாட்டிக்கொள்வார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் துணிமணியை எடுத்துவைக்கப் போனாள்.

'நான் பார்த்தது என் கண்ணின் பிழை' என்று அச்சடித்த தாளை நீட்டினார் பலூன் சார். பெரியவர் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"என் புத்தி நல்லாத்தான் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தம்பி. எனக்குத் தெரிஞ்சா போதும்னு நினைச்சேன்," என்றார் தாளைத் திருப்பிக் கொடுத்தபடி. "போதல."

எனக்கும் போதல ஐயா, என்று சொல்ல வாயெடுத்தார் பலூன் சார். வழக்கம்போல் விழுங்கிக்கொண்டார்.