அழுகிய இலக்கங்கள்

நிரஞ்சலாவின் மேசைக்கு வரும் பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளில் பொய் இலக்கம் குத்திய பாகம் ஏதும் இருந்தால், மறுநாள் காலைக்குள் அந்தப் பாகம் மட்டும் அழுகிவிடும். இரும்புதான். ஆனாலும் வெயிலில் மறந்துபோன சூடைமீனைப்போல் நொதித்து, மஞ்சளாய் நீர் விட்டு, ஈ மொய்க்கும். மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் அவள் மதிப்பீட்டாளராக இருந்த ஏலக்கடையில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. உரிமையாளர் மதாம் கூர்வில் யன்னலில் ஒரு காற்றாடியைப் பூட்டி, மேசைக்குக் கழுவக்கூடிய விரிப்பொன்றும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் காலத்துப் படைகள் ஒரு துப்பாக்கியின் குழல், உருளை, விசை எல்லாவற்றிலும் ஒரே இலக்கத்தைக் குத்தின. எல்லாம் பொருந்திய துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் அடித்துப்பிடித்து வருவார்கள். ஆகவே வேறொன்றின் உருளையை எடுத்து, அதன் இலக்கத்தை அராவிவிட்டுப் பொருந்தும் இலக்கத்தைக் குத்துகிறவர்கள் உண்டானார்கள். இலக்கம் மாறியதெல்லாம் பொய்யல்ல. படைகளின் பட்டறைகளும் பாகம் மாற்றியிருக்கின்றன, ஆனால் பழைய இலக்கத்தின்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்திலேயே புதியதைக் குத்தின. ஒளிக்கவில்லை. அவை அழுகியதுமில்லை. நிரஞ்சலாவுக்கோ அழுகல் தொடங்குமுன்பே பூதக்கண்ணாடி சொல்லிவிடும். பொய்யென்றால் அராவிய இடம் சற்றுக் குழிந்திருக்கும், இலக்கத்தின் பள்ளத்துக்குள் இருக்கும் கறுப்பு வெளிக்கறுப்பைவிட இளசாக இருக்கும்.

ஒரு பனிக்காலம் முழுக்க ஒரே கை குத்திய பாகங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஏழின் கால் உடைந்திருந்தது. அவளுடைய வீட்டுத் திறப்புக் கோர்வையில் தொங்கிய பித்தளைத் தகட்டிலும், வீட்டு இலக்கத்தில், அதே உடைந்த ஏழு. அதைக் குத்திக் கொடுத்தவன் தம்பி றொக்சன். திருகோணமலையிலிருந்து அவள் பொறுப்பெடுத்துக் கனடாவுக்குக் கூப்பிட்டவன், மொன்ட்ரியால்-நோரில் இரும்புப் பட்டறை வைத்திருந்தான். அவள் அழுகிய உருளையொன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்திலிருந்தவர்கள் எழும்பிப் பின்னுக்குப் போனார்கள். றொக்சன் வேலை மேசையில் ரொட்டியும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாகங்கள் புழுத்துக் கிடந்தன. அவற்றில் இருந்த ஈ பறந்து கறியில் இருந்தது, அவன் அதைக் கையால் விரட்டிவிட்டு அடுத்த வாயை வைத்தான்.

"இது நீ குத்தினதோ?"

"ஓம். அதுக்கென்ன அக்கா? எல்லாரும் செய்யினம்."

"உனக்கு மூக்கே இல்லையோடா?"

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. நீங்கள் பேசாமல் மதிப்பீட்டுப் பத்திரத்திலை கையெழுத்து வையுங்கோ. வாங்கிறவனுக்கு இலக்கம் பொருந்தினால் காணும்."

பிளேட்டை அவள் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்கோவன்," என்றான். அவள் வெளியே ஓடிப்போய்ப் பனியில் வாந்தி எடுத்தாள்.

கடைக்குத் திரும்பி, உருளையை மேசையில் வைத்துவிட்டு, வாய் கசக்கக் கசக்கத் தம்பியின் பெயரை மதாமிடம் சொன்னாள். சொன்னால் அவன் வழக்குக்குப் போய் மறியலில் அடைபடவேண்டிவரும் என்று தெரிந்துதான் சொன்னாள். மதாம் கோப்பியை ஆறுதலாகக் குடித்து முடித்து, றொக்சனைத் தனக்கு ஏற்கனவே தெரியும், கடைக்கு அவ்வளவு ஒழுங்காகச் சாமான் தருகிற ஆள் வேறில்லை என்றார். காற்றாடி போதாவிட்டால் இன்னொன்று பூட்டலாம் என்றும் சொன்னார். நிரஞ்சலா கையெழுத்து வைக்கவில்லை. அன்றைக்கே வேலையை விட்டாள், பிறகு டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் சேர்ந்தாள். தம்பியோடு இன்றுவரை கதைக்கவில்லை. அவளுடைய கதிரையில், பிறவியிலேயே மணம் தெரியாத ஒருவரை மதாம் இருத்தினார்.

அந்த உருளை பூட்டிய துப்பாக்கி வசந்தத்தில் ஏலம் போனது. வந்தவர்கள் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றக் கையை உயர்த்தினார்கள். வாங்கிய பல் வைத்தியர் அதைத் தன் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினார். முதல் விருந்தில் ஆட்கள் சூப் முடிந்ததும் எழும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவதில் இறைச்சிவரை இருந்தார்கள். இப்போது சொட்டும் நீருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்துக் கதிரையில் இருக்கவே விருந்தினர் போட்டிபோடுகிறார்கள். இலக்கங்கள் எல்லாம் பொருந்துகின்றன என்று ஒருவருக்கொருவர் காட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் இறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.