கமேலியாவுக்குக் கவ்வாத்து

அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கும் பெத்தானியா பண்ணையில் எட்டு விருந்தினர் அறைகள், ஆறு மாடுகள், இரண்டு மட்டக்குதிரைகள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பொறுப்பாளர், ஜீவராணி. திங்கட்கிழமை மத்தியானம் நானுஓயாவிலிருந்து மெத்தைகளோடு வேனில் வந்து இறங்கியவள், அறைகளின் பின்பக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கமேலியா மரங்கள் பதினெட்டும் முழங்கால் உயரத்தில் வரிசை பிசகாமல் நின்றன.

"கவ்வாத்து முடிஞ்சிருச்சு தங்கச்சி!" என்றார் பழுதுபார்க்க வந்திருந்த இராயப்பன், கத்தியைத் துடைத்தபடி. "எவ்வளவு காலமா வெட்டாம விட்டிருக்காங்க! தேயில காடாயிருச்சு."

"அது தேயில இல்லண்ணே, பூமரம்" என்றாள் ஜீவராணி.

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொன்னது அவள்தான். அவரோடு சேர்த்து, திருச்சபையிலிருந்து பண்ணையைப் பழுதுபார்க்க வந்திருந்த ஆறு பேரும் முப்பது வருஷம் தேயிலையை வெட்டியவர்கள். கமேலியாவோ தேயிலைக்குச் சொந்தக்கார மரம். அதே மாதிரி இலை, அதே மாதிரி பட்டை; பூக்காலமும் போன மாதமே முடிந்துவிட்டது. கை சும்மா இருக்குமா?

அந்த மரங்களை நட்டது பண்ணைக் குழுத் தலைவர் ஜூட்சன் ஐயாவின் அம்மா. மகனோ சனிக்கிழமை வருகிறார். சும்மா பார்த்துப் போக வரவில்லை. பின்பக்கத்து நாலு அறைகளுக்கும் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் பூசணம்தான் ஜெயித்தது. இந்த முறையும் சுவர் ஈரமாக இருந்தால் ஏப்ரல் சீசனுக்கு விருந்தாளிகள் கிடையாது, பண்ணையை மூடிவிடலாம் என்று கறாராகச் சொல்லியிருந்தார். மூடினால் ஜீவராணிக்கு அண்ணனின் தோட்டத்து லயம் வீடுதான் கதி. இருப்பதே ஒரு அறை; அந்தக் காம்பராவில் ஏற்கெனவே ஏழு பேர். "ஓம் பெட்டிக்கு எடம் பண்ணி வைக்கிறேன்" என்று அண்ணன் போன வாரமே சொல்லிவிட்டார்.

அந்த ஐந்து நாளும் அவள் முன்பக்கத்து அறைகளையே கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். இராயப்பனோ கூரைத் தகரம் மாற்றினார், குதிரைக் கொட்டகைக்கு வேலி அடித்தார், நாலு அறைச் சுவரையும் சுரண்டிப் பெயின்ட் அடித்தார். தப்புச் செய்த மனுஷன் இரண்டு ஆள் வேலை பார்ப்பான் என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை ஜூட்சன் நேரே பின்பக்கம்தான் போனார். வெட்டிய மரங்களைப் பார்த்தார்.

"நாந்தான் ஐயா வெட்டச் சொன்னேன்" என்றாள் ஜீவராணி.

"கத்தி என்னோடதுங்க. தேயிலன்னு நெனச்சிட்டேன்" என்றார் இராயப்பன்.

ஜூட்சன் கடைசி அறைக்குள் போனார். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் இருமிக்கொண்டே படுத்திருந்த அறை அது. கட்டில் மீது வெயில் விழுந்திருந்தது. ஜீவராணி இந்த அறையில் வெயிலைப் பார்த்ததே இல்லை. அவமானத்திலும் பயத்திலும் இந்த ஐந்து நாளும் அவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஜூட்சன் சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். எடுத்துப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. மற்ற மூன்று அறைகளிலும் அப்படியே வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு வருஷமா மரம் வெயில மறைச்சிக்கிட்டு இருந்திருக்கு. நாங்க பெயின்ட்டக் கொற சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார் மெதுவாக.

வெளியே வந்து ஒரு மரத்தருகே குனிந்தார். "எல்லாத்தையும் வெட்டிட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு கெளய மட்டும் ஏன் விட்டிருக்கீங்க?"

"அது செடி மூச்சு விடுறதுக்குங்க. மொத்தமா வெட்டுனா செடி செத்துரும். மூணு மாசத்துல கொழுந்து வந்துரும்." இராயப்பன் தயங்கினார். "ஆனா நாங்க பறிக்க மாட்டோம்ங்க."

ஜூட்சன் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். "ஏப்ரலுக்கு ஆள் கூப்பிடுங்க ஜீவராணி. இனி வருஷா வருஷம் இந்த மனுஷனையும் கூப்பிடுங்க."

அப்பாடா என்று ஜீவராணி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கைச் சிந்திவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, என் பெட்டிக்கு எடம் பண்ணுனீங்களே, அதுல புள்ளைகளப் படுக்க வைங்க."