ஸ்பானிஷில் மட்டும் நீ

கனகவல்லி கிட்டுவை 'நீ' என்று சொன்னது ஸ்பானிஷில் மட்டும்தான். தமிழில் அன்றும் 'நீங்க'தான், இன்றும் 'நீங்க'தான். கோபிச்செட்டிப்பாளையத்தில் வளர்ந்தவளுக்கு எதிர்வீட்டு எல்.கே.ஜி. பையனைக்கூட 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டே பழக்கம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் புனேயில், கேம்ப் என்கிற பழைய கடைவீதிப் பகுதியில் அந்த ஸ்பானிஷ் வகுப்பு நடந்தது. பழைய கல் கட்டடம். கீழே தையல் கடை, மேலே வகுப்பு. மரப்படியில் ஒருவர் ஏறினால் மாடி முழுவதும் முனகும். நடத்தியவர் டீனா மிஸ் என்ற பார்சிப் பெண்மணி. மாட்ரிடில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர். வேலை முடிந்து வருகிறவர்களுக்கான சாயங்கால வகுப்பு என்பதால் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

கனகவல்லி அப்போதுதான் விமான் நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். கிட்டு என்கிற கிருஷ்ணமூர்த்தி புனேயிலேயே பிறந்தவன். அவன் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிட்டுவின் தமிழில் பாதி இந்தியாக இருக்கும். இரண்டு பேரும் 'மதராசி' என்பதால் டீனா மிஸ் அவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்.

"பக்கத்தில் இருப்பவரிடம் பெயர் கேளுங்கள்" என்றார் மிஸ்.

ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. கனகவல்லி 'நீங்கள்' போட்டுக் கேட்டாள். மிஸ் மேஜையைத் தட்டினார். "அவன் என்ன உன் மாமனாரா? கூடப் படிக்கிறவனை நீ என்றுதான் கேட்க வேண்டும்."

கனகவல்லி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "கோமோ தே யாமாஸ்?" உன் பேர் என்ன?

"மே யாமோ கிட்டு" என்றான் அவன். காது சிவந்திருந்தது அவனுக்குத்தான்.

அந்த 'மே'யும் 'தே'யும்தான் வகுப்பில் எல்லோரையும் படுத்தி எடுத்தன. நான் எழுந்திருக்கிறேன் என்பதற்கு 'லெவாந்தோ' என்றால் போதாது, 'மே லெவாந்தோ' என்று சொல்ல வேண்டும். நீ என்றால் 'தே', அவன் என்றால் 'ஸே', நாம் என்றால் 'நோஸ்'. ஒவ்வொருவருக்கும் வினையின் வாலும் மாறும். டீனா மிஸ் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதைப்போல ராகம் போட்டுச் சொல்லவைப்பார். மே லெவாந்தோ, தே லெவாந்தாஸ், ஸே லெவாந்தா, நோஸ் லெவாந்தாமோஸ். 'நீங்கள் எல்லோரும்' என்பதற்கு 'ஓஸ்' என்று ஒன்று வரும். கிட்டு தினமும் அந்த இடத்தில் தடுக்கி விழுவான்.

வகுப்பு முடிந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் விஷ்ராந்த்வாடி திரும்புவார்கள். அங்கே அவளுக்கு லேடீஸ் ஹாஸ்டல், அவனுக்கு வீடு.

"அரே, இன்னா பாஷை இது? தன்னைத் தானே தூக்கி எழுப்பிக்கணுமா?" என்று ஒரு நாள் பஸ்ஸில் அலுத்துக்கொண்டான்.

"இப்ப நீங்க 'எழுப்பிக்கணும்'னு சொன்னீங்களே, அதுதானுங்க இது."

"எது?"

"சட்டையை எனக்கு நானே மாட்டுனா, போட்டுக்கிட்டேன். கொழந்தைக்கு மாட்டுனா, போட்டுவுட்டேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தானுங்க இந்த 'மே'. தலை வாரிக்கிட்டேன், மூஞ்சி கழுவிக்கிட்டேன்..."

கிட்டு யோசித்தான். "நாங்க போட்டுக்கினேன்னு சொல்வோம். நீ சொல்றதுல பாரு, எல்லாத்துலயும் என் பேரு கீது!"

முன் சீட்டு மராட்டிக் கிழவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்த இலக்கணத்தில் சந்தேகமே வரவில்லை.

ஒரு நாள் டீனா மிஸ் 'நாம்' வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். மற்றவர்கள் நாம் குளிக்கிறோம், நாம் உட்காருகிறோம் என்று சொன்னார்கள். கிட்டு எழுந்து நின்று, கனகாவும் நானும் கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தான். அதற்கு 'நோஸ் காஸாமோஸ்' என்று சொல்ல வேண்டும். மாட்ரிட் பாணியில் அசத்துவதாக நினைத்து, நாக்கைப் பல்லில் வைத்து 'நோஸ் காதாமோஸ்' என்றான்.

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இப்போது நீ சொன்னதற்கு, ஒருவரை ஒருவர் வேட்டையாடுகிறோம் என்று அர்த்தம். எது உன் உத்தேசம்?"

வகுப்பே சிரித்தது. கனகவல்லி மட்டும் சிரிக்காமல் அவன் பக்கம் திரும்பி, "காஸாமோஸ்" என்று திருத்தினாள். திருத்திய பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவள் அப்பா சம்மதிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கல்யாணமாகி அவள் விஷ்ராந்த்வாடி வீட்டுக்கே வந்தாள். இரண்டு அறை வீடு, மாமனார், மாமியார், சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் கேட்கும். அந்த வீட்டில் ஸ்பானிஷ்தான் அவர்களுக்குத் தனி அறை. அதில் அவள் அவனை அதட்டுவாள், கொஞ்சுவாள், சீக்கிரம் கிளம்பு வெளியே போகலாம் என்பாள். அடுத்த நொடியே தமிழில், "காப்பி வேணுமுங்களா?" என்று கேட்பாள்.

"இன்னாடி பாஷை அது, கோழி கொத்தற மாதிரி?" என்பார் மாமியார்.

பிறகு மாமனார் போனார், மாமியாரும் போனார். மகள் மீனு வளர்ந்தாள். கனகவல்லியின் வேலையில் ஸ்பானிஷுக்கு இடமில்லாமல் போயிற்று. சாக்கனில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்த கிட்டுவும் மெக்சிகோக்காரர்களோடு பேசுகிற வேலையிலிருந்து வேறு பிரிவுக்கு மாறிவிட்டான். வீட்டில் யாரிடமும் எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த பாஷை எப்போது நின்றது என்று அவர்கள் இருவருமே கவனிக்கவில்லை.

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஆபீஸில் நாற்காலியிலிருந்து எழுந்த கிட்டு அப்படியே சரிந்தான். பக்கவாதம். ஐம்பதுகூட ஆகவில்லை அவனுக்கு. உயிருக்கு ஆபத்தில்லாமல் வீடு வந்தான். வலது காலில் கொஞ்சம் தெம்பு திரும்பியது, வலது கை தொங்கியது. பேச்சு போயிருந்தது.

கேட்டதெல்லாம் புரிந்தது. பதில் மட்டும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் "அரே", விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் "அரே". ஒரு நாள் மீனு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட அவன் வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மீனு எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சிக்கு கேம்பில் அஸ்மிதா என்ற மராட்டிப் பெண்ணிடம் போகச் சொன்னார்கள். "இவருக்கு மனப்பாடமாக என்ன தெரியும்?" என்று அஸ்மிதா இந்தியில் கேட்டாள். "யோசித்துப் பேசுவது அடைபட்டிருக்கிறது. சில பேருக்கு மனப்பாடமானது முதலில் வரும். எண்கள், கிழமைகள், ஸ்லோகம், பாட்டு, எதுவானாலும்."

ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள். "ஏக்" என்றான், நின்றுவிட்டான். ஸ்லோகம் எதுவும் அவனுக்குத் தெரியாது. பாட்டு என்று எதையும் அவன் முழுசாகப் பாடிக் கனகவல்லி கேட்டதில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோ வேறொரு தெருவில் புகுந்தது. அந்தக் கல் கட்டடத்தைக் கனகவல்லி பார்த்தாள். தையல் கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. மாடி ஜன்னல்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஒரு நொடிதான், ஆட்டோ திரும்பிவிட்டது. இரவெல்லாம் டீனா மிஸ்ஸின் கீச்சுக் குரல் அவள் காதில் இருந்தது.

மறுநாள் காலையில் கிட்டுவை வாஷ்பேசின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவன் முகத்தைத் துடைப்பதற்கு முன் தன் கையைக் கழுவினாள். குழாய்த் தண்ணீர் கையில் விழுந்ததும் அவளை அறியாமலேயே வாயில் வந்தது.

"மே லாவோ..."

"தே லாவாஸ்" என்றான் கிட்டு.

அவள் கை நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸே லாவா" என்றான். அதே ராகம். "நோஸ் லாவாமோஸ்..." அங்கே நின்று தவித்தான். கண்ணைச் சுருக்கினான்.

"ஓஸ்" என்றாள் அவள்.

"ஓஸ் லாவாயிஸ். ஸே லாவான்."

வாசலில் மீனு பிரஷ்ஷை வாயில் வைத்தபடி நின்றிருந்தாள். "அம்மா? அப்பா... பேசறாரா? என்ன பேசறார்?"

"மூஞ்சி கழுவிக்கறாரு" என்றாள் கனகவல்லி. ஈரக் கையாலேயே அவன் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அஸ்மிதா சந்தோஷப்பட்டாள், ஆனால் எச்சரிக்கவும் செய்தாள். "இது இன்னும் பேச்சு இல்லை தீதி. வாய்ப்பாடு. நீங்கள் தொடங்கினால் முடிக்கிறார், அவ்வளவுதான். ஆனால் வாய் திறந்துவிட்டது. விடாதீர்கள்."

அவள் விடவில்லை. அந்தப் பாடத்தில் வருகிற வினைகள் எல்லாமே காலையில் மனிதன் தனக்குத்தானே செய்துகொள்கிற காரியங்கள். எழுந்துகொள்வது, கழுவிக்கொள்வது, சவரம் செய்துகொள்வது, உடுத்திக்கொள்வது. ஒவ்வொன்றையும் செய்யும்போது அவள் தொடங்குவாள், அவன் முடிப்பான். மற்ற நேரங்களில் குழறிய அதே குரல், அந்த ராகத்தில் மட்டும் இளமையாக ஒலித்தது. கேட்டுக்கொண்டே இருந்தால் அவளுக்குப் பஸ்ஸின் டீசல் வாசனை வரும். வகுப்புக்கு முன்னால் நின்று தின்ற வடாபாவின் பூண்டுச் சட்னி நாக்கில் உறைக்கும். ஜன்னலோர சீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, மழைச்சாரலில் சட்டை நனைய நின்றுகொண்டு வந்த ஒல்லிப் பையன் கண்முன் நிற்பான்.

ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. 'மே விஸ்தோ', நான் உடுத்திக்கொள்கிறேன் என்று அவன் வாய் சொல்லும். பட்டன் போடுவது அவள் விரலாக இருக்கும்.

குளிர் தொடங்கியிருந்த ஒரு காலையில், அஸ்மிதாவிடம் கிளம்ப அவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அன்று வாய்ப்பாட்டைத் தொடங்கவில்லை. அவசரத்தில், செய்வதை அப்படியே சொன்னாள். "தே விஸ்தோ." உனக்கு நான் போட்டுவிடுகிறேன்.

கிட்டுவின் இடது கை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"நோ."

"என்னுங்க? வலிக்குதுங்களா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். உதடு எதையோ தேடியது. நெற்றியில் வேர்வை அரும்பியது. அவள் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. என்ன சொல்ல வருகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மே" என்றான். அவள் கையை விலக்கிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டான். "மே... விஸ்தோ."

அதோடு நின்றான். அடுத்து 'தே', 'ஸே' என்று எதுவும் வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் புரிந்தது. இது வாய்ப்பாடு இல்லை. 'தே' என்று அவள் சொன்னதை 'மே' என்று மாற்றுகிறான். நான் போட்டுக்கொள்கிறேன், நீ விடு என்கிறான். அத்தனை நாளில் அவன் மனதில் இருந்ததைச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"சரி" என்றாள். "தே விஸ்தேஸ்." நீயே உடுத்திக்கொள்கிறாய்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். இடது கையால் அவன் ஒரு பட்டனைப் பிடித்தான், நழுவியது. மறுபடி பிடித்தான். கீழே வரச் சொல்லியிருந்த ஆட்டோ ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எழுந்து போய் ஒரு பட்டனையாவது போட்டுவிடலாம் என்று அவள் உடம்பெல்லாம் துடித்தது. உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் ஒரு பட்டன் இடம் மாறி, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கிட்டு நிமிர்ந்து பார்த்தான். அப்படியே அழைத்துக்கொண்டு போனாள். அஸ்மிதா சட்டையைப் பார்த்தாள், கனகவல்லியின் முகத்தைப் பார்த்தாள், கைதட்டினாள்.

தமிழ் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு சொல்லாக, வழக்கம்போல இந்தியைச் சேர்த்துக்கொண்டு. மீனுவின் பெயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வந்தது. அவள் மோர்க் குழம்பைத் தட்டில் கொட்டிவிட்டு ஓடிவந்தாள்.

வெயில் காலம் தொடங்கியதும் ஒரு சாயங்காலம், பயிற்சி முடிந்து, கனகவல்லி அவனை அந்தக் கல் கட்டடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனாள். அவன் இப்போது கைத்தடி ஊன்றி நடந்தான். மாடியில் ஜிம் வந்திருந்தது. மரப்படி இல்லை, கிரானைட் போட்டிருந்தார்கள். டீனா மிஸ் கனடாவில் மகனிடம் போய், அங்கேயே காலமாகிவிட்டதாக மொபைல் கடைக்காரர் சொன்னார். இருவரும் எதிர்ச் சாரியில் சற்று நேரம் நின்று அந்த ஜன்னல்களைப் பார்த்தார்கள். மேலிருந்து இரும்புக் கட்டைகள் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"நல்ல... டீச்சர்" என்றான் கிட்டு.

"ஆமாங்க."

பக்கத்து இரானிக் கடையில் டீயும் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் வாங்கி, பன்னை டீயில் தோய்த்துத் தின்றார்கள். வெளியே வந்து ஆட்டோவை நிறுத்தினாள். விஷ்ராந்த்வாடி என்றதும் ஓட்டுநர் கண்டபடி ஒரு தொகை கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் குரல் கேட்டது.

"அரே பாபா... மீட்டர் சே... சலோ."

ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே மீட்டரைப் போட்டார். கனகவல்லி அவனை ஏற்றி உட்கார வைத்துவிட்டு மறுபக்கம் சுற்றி வந்து ஏறினாள். பேசிய களைப்பு. வண்டி பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தான்.