குங்குமம் வைத்த இரண்டு பெட்டிகள்

எல்லைமலைத் துப்பாக்கி சுடுவோர் கழகத்துக்குக் கௌரவச் செயலாளர் சிவராமகிருஷ்ணன் எழுதிக் கொடுத்த போட்டி விதிகள் மொத்தம் நாற்பத்தொரு பக்கம். கழகத்தின் உறுப்பினர்கள் முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்தாலும் மிச்சம் வரும் என்று தன் ஊரான கல்பாத்தியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தன்னைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. இன்னொருவரும் வரிவரியாகப் படித்திருந்தார் என்பது மாநில அணித் தேர்வு நடந்த அன்று காலையில் தெரிந்தது. அதற்குள் செயலாளர் குழிக்குள் இருந்தார்.

குழி என்றால் நிஜமான குழி. சூரியநெல்லிக்குக் கீழே, கழகத் தலைவர் வர்க்கிச்சனின் ஏலத்தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில், ஐந்து இலக்குகள் வரிசையாக நின்றன. அவற்றின் அடியில், மண்மேட்டின் மறைவில், ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக வெட்டிய நீளமான பள்ளம். சுடுகிறவர்கள் பாஷையில் அதற்கு ‘பட்ஸ்’ என்று பெயர். கொடி சிவப்பாக இருக்கும்வரை உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. வந்தால் விதி மீறல் என்று பிறகு எழுதிக்கொள்ள ஆள் இருக்கமாட்டார்.

“எல்லாத்தையும் மெஷினே பாக்குதுன்னு சொன்னீய. பெறகு நாம எதுக்கு சார் குழிக்குள்ள?” என்று கேட்டார் பெரியமுத்து. வர்க்கிச்சனின் ஜீப்பை ஓட்டிச் சுற்றுலாக்காரர்களை மலையேற்றுகிறவர். சீசன் இல்லாததால் உதவிக்கு வந்திருந்தார்.

“மெஷினைப் பாத்துக்கறதுக்கு” என்றார் சிவராமகிருஷ்ணன்.

மெஷின் புதுசு. இலக்கின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு மைக். குண்டு கிழித்துக்கொண்டு போகும் சத்தத்தை வைத்தே அது எங்கே துளைத்தது என்று கணக்குப் போட்டுவிடும். அறுநூறு மீட்டர் தள்ளிப் படுத்துச் சுடுகிறவரின் பக்கத்தில் இருக்கும் திரையில் அது புள்ளியாக விழும். திரையில் வந்ததுதான் மதிப்பெண், காகிதத்தில் இருக்கும் ஓட்டைக்குச் சாட்சி மதிப்பு இல்லை. இது விதி ஏழு.

புது மெஷினுக்குப் பூஜை போட வேண்டும் என்று முதலில் சொன்னவர் வர்க்கிச்சன். தன் பங்குக்குச் சர்ச்சிலிருந்து ஓர் அச்சனை அழைத்துவந்து சுடும் முனையில் ஜெபம் சொல்லவைத்தார். குழி முனை இந்துக்களுக்கு ஒதுக்கப்பட்டது. இலக்குகளின் வயர் வந்து சேரும் ஐந்து பெட்டிக்கும் சிவராமகிருஷ்ணன் சந்தனம் தடவி, கட்டைவிரலால் தாராளமாகக் குங்குமம் வைத்தார். பெட்டியின் நெற்றியாக அவருக்குத் தோன்றிய இடத்தில்தான் அதன் எண் அச்சிடப்பட்டிருந்தது.

பூஜை முடிந்த கையோடு பனி இறங்கிற்று. இரண்டிலும் மூன்றிலும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இரண்டு வயரையும் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்து, வாயால் ஊதினார். திரும்பச் செருகும்போது ஒரு கணம் கை நின்றது.

“இதுதானே மூணு?”

“ரெண்டோ மூணோ, பொட்டு ரெண்டுக்கும் நல்லாத்தான் இருக்கு” என்றார் பெரியமுத்து.

இப்போதுதான் வைத்த குங்குமத்தை அழித்துப் பார்ப்பதாவது. செருகினார். ஐந்து விளக்கும் பச்சையாக எரிந்தன. மேலே கொடி சிவப்பாக ஏறியது.

இரண்டாம் இலக்கு வர்க்கிச்சனுக்கு. மூன்றாம் இலக்கு ஸ்ரீஜாவுக்கு. ஸ்ரீஜா சிவராமகிருஷ்ணனின் ஒரே பெண். இளையோர் பிரிவில் சுட அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். மாநில அணியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். அதற்காக அவள் இரண்டு வருஷமாகக் கல்லூரி முடிந்து சினிமாவுக்குப் போகாமல், சிநேகிதிகளின் கல்யாணத்துக்குப் போகாமல், வாடகை ஹாலில் காலி ரைபிளைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிப் படுத்துக் கிடந்தவள். வர்க்கிச்சனுக்கு இதில் எந்த இடமும் தேவையில்லை. நிலம் அவருடையது என்பதால் சுடுகிறார்.

முதல் குண்டு சவுக்கடிபோல் தலைக்கு மேலே போயிற்று. சிவராமகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் இலக்கில், நட்ட நடுவில், சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. வெளிச்சம் அதன் வழியாக வந்தது.

“பாத்தீரா” என்றார். “என் பொண்ணு.”

கையில் இருந்த சிறு திரையைப் பார்த்தார். அங்கே நடுவில் புள்ளி விழுந்திருந்தது. இரண்டாம் எண்ணுக்கு நேரே.

அடுத்த குண்டு இரண்டாம் இலக்கின் இடது கீழ் மூலையைக் கடித்துக்கொண்டு போயிற்று. திரையில் அது மூன்றாம் எண்ணுக்கு நேரே, இடது கீழ் மூலையில் விழுந்தது.

சிவராமகிருஷ்ணன் திரையைத் தட்டினார். பிறகு துடைத்தார். பிறகு தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

“வயரு மாறிப் போச்சோ சார்?” என்றார் பெரியமுத்து.

“சும்மா இரும்.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். குண்டுதான் சும்மா இருக்க மாட்டேங்கி.”

மேலே ஒலிபெருக்கி முழங்கியது. தலைவர் வர்க்கிச்சன் அவர்கள் தொடர்ந்து மூன்றாவது முறையாக நடுவட்டம். கைதட்டல் பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு வந்து குழிக்குள் விழுந்தது. வர்க்கிச்சன் தன் வாழ்நாளில் தொடர்ந்து மூன்று முறை எதையும் சரியாகச் செய்ததாக அந்தப் பக்கத்தில் தகவல் இல்லை.

ஸ்ரீஜா பிடிவாதக்காரி. திரையில் இடது கீழே காட்டியும் முதல் ஐந்து குண்டுகளுக்குத் தன் குறியை மாற்றவில்லை. காற்று என்று நினைத்திருப்பாள். ஐந்தும் நடுவில் விழுந்தன. ஐந்தும் வர்க்கிச்சனின் பெயரில் விழுந்தன. ஆறாவதிலிருந்து நிலைமை மாறியது. திரை பொய் சொல்லாது, உன் மனசுதான் சொல்லும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சிவராமகிருஷ்ணன். அவள் துப்பாக்கியின் குமிழைத் திருப்பிக் குறியை வலது மேலே நகர்த்தினாள். நிஜமான குண்டு நிஜமாகவே வலது மேலே போயிற்று. அது வர்க்கிச்சனின் திரையில் தெரிந்தது. அவர் தன் குறியை இன்னும் இடது கீழே இறக்கினார். அது ஸ்ரீஜாவின் திரையில் தெரிந்தது. அவள் இன்னும் வலது மேலே ஏற்றினாள்.

ஒருவர் தப்பை இன்னொருவர் திருத்திக்கொண்டு, இருவருமாக இலக்கை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

“கமிட்டி மீட்டிங் மாதிரில்லா இருக்கு” என்றார் பெரியமுத்து.

“ஓய், பேசாதேயும். யோசிக்க விடும்.”

“வயரப் பிடுங்கி மாத்திச் சொருகிரலாம்லா?”

“பிடுங்கினா எல்லா ஸ்கிரீன்லயும் சேப்பு வரும். குழிக்குள்ள யாருன்னு பாப்பா. பொண்ணு தோத்துண்டிருந்தா, அப்பன் வயரைப் பிடுங்கினான், பொண்ணு ஜெயிச்சுட்டாம்பா. அந்த வர்க்கிச்சன் கோட்டயம் வரைக்கும் சொல்லுவன்.”

“அப்ப வாக்கிடாக்கில நெசத்தச் சொல்லி மறுபடி சுடச் சொல்லுங்க.”

சிவராமகிருஷ்ணன் இடுப்பில் இருந்த கருவியைப் பார்த்தார். அதன் மறுமுனை நேராக ஒலிபெருக்கியில் இணைக்கப்பட்டிருந்தது. குழியிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் வெளிப்படையாகப் பொதுமக்கள் காதில் விழவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

“மறுபடி சுடலாம்” என்றார். “விதி பத்தொன்பது. அதிகாரி தப்புப் பண்ணினா எல்லாருக்கும் மறுசுற்று உண்டு. ஆனா, தப்புப் பண்ணினவரோட சொந்தக்காராளுக்கு மட்டும் கெடையாது. அவாளுக்கு முதல்ல விழுந்த மார்க்தான்.”

“எந்தக் கொள்ளையில போறவன் சார் இப்படி எழுதி வச்சான்?”

பொருளாளரின் மச்சினன் இரண்டு முறை மறுசுற்று வாங்கியதைப் பார்த்துக் கொதித்துப்போய் அவரே எழுதியது. எழுதிய இரவு ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மேலே இன்னொரு சவுக்கடி. மூன்றாம் இலக்கின் வலது மேல் ஓரத்தில் ஓட்டை. இன்னும் கொஞ்சம் போனால் சட்டமே காலி.

சிவராமகிருஷ்ணன் பெரியமுத்துவைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. ஆனால் குழிக்குள் இருப்பது இரண்டே பேர் என்பதால் பார்வை வழியில் வேறெங்கும் தங்கவில்லை.

பெரியமுத்து காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். பிறகு விதி நினைவுக்கு வந்து திரும்பச் செருகினார்.

“நான் உங்களுக்குச் சொந்தம் இல்ல” என்றார்.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லல. பாத்தீய.”

தலைக்கு மேலே குண்டுகள் பேசின.

“எம் பேரச் சொன்னா பாப்பாக்கு மறுசுற்று கெடைக்கும். அதானே கணக்கு?” என்றார் பெரியமுத்து. “மொதலாளி சாயங்காலமே ஜீப்புச் சாவியக் கேப்பாரு. நான் வீட்டுக்காரி சாந்தம்மாகிட்டப் போயி, ஏட்டி, நான் வயர மாத்தல, மாத்துனதா ஒருத்தரு சொன்னாருன்னு சொல்லணும். அவ நம்பிட்டு வேற வேல பாப்பா.”

“பெரியமுத்து...”

“நீங்க பெரிய மனுசன். மைக்ல சொன்னா எடுபடும். நான் அப்புறமா வந்து இல்லேன்னா, யாரு கேக்கப் போறா? அதான் சொல்லுதேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

கெஞ்சினால்கூடத் தேவலை என்று சிவராமகிருஷ்ணனுக்குத் தோன்றியது. மண்சுவர் இரண்டு பக்கமும் ஈரமாக இருந்தது. நாலடி அகலம். சாய்ந்தால் சட்டையில் மண், மேலே ஏறினால் தலையில் குண்டு. இந்த அளவையும் அவரேதான் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாம் இலக்கில் அடுத்த ஓட்டை விழவில்லை. சத்தம் மட்டும் போயிற்று. ஸ்ரீஜா வெளியே சுட ஆரம்பித்துவிட்டாள்.

கருவியை எடுத்து அழுத்தினார்.

“கவனிக்கவும். தகவல் தொடர்புத் தடத்தில் ஓர் எதிர்பாராத இடமாற்றம் அவதானிக்கப்பட்டுள்ளது. ஆகவே சுடுதலை இடைநிறுத்தும்படி இதன்மூலம்...”

அவருடைய குரலே மலையில் மோதித் திரும்பி வந்து அவரை முடிக்கவிடவில்லை.

“சார், மனசிலாயில்ல” என்றது மறுமுனை. களப்பொறுப்பாளர் டின்சி. அடிமாலிப் பக்கத்துக் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. “தமிழ்ல சொல்லணும்.”

இடையில் வர்க்கிச்சனின் குரல் புகுந்தது. “செயலாளரே, மெஷின் ஃபைனாக்கும். கொறச்சு காத்து உண்டு, அவ்வளவே உள்ளு. நிறுத்த வேண்டா.”

“வயர் மாறியிருக்கு” என்றார் சிவராமகிருஷ்ணன். “ரெண்டும் மூணும். தலைவர் சுட்டது ஸ்ரீஜா ஸ்கிரீன்ல. ஸ்ரீஜா சுட்டது தலைவர் ஸ்கிரீன்ல.”

பள்ளத்தாக்கில் எங்கோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. வர்க்கிச்சன் வாங்கிய கைதட்டல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்படுவதுபோல் இருந்தது.

“நிறுத்து, நிறுத்து. எல்லாரும் துப்பாக்கியக் காலியாக்கணும்” என்றாள் டின்சி. சவுக்கடிகள் நின்றன. “சார், விதி பத்தொன்பதுப்படி ஆரு மாத்தினதுன்னு பறயணும். பேரு வேணும்.”

படித்திருக்கிறாள். நாற்பத்தொரு பக்கமும் படித்திருக்கிறாள். இத்தனை வருஷம் அவர் ஏங்கிய வாசகர்.

“பட்ஸில் இருக்கும் ஒருவர்” என்றார்.

“அங்க ரெண்டு பேரல்லே சார்.”

பெரியமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. மழை வருமா வராதா என்று நிற்கிறவர் மாதிரி நின்றார். சிவராமகிருஷ்ணனின் விரல் பொத்தானிலேயே இருந்ததால் அவருடைய மூச்சு ஒலிபெருக்கியில் ஒரு பழைய மோட்டார்போலக் கேட்டது. அறுநூறு மீட்டருக்கு அப்பால் பாயில் குப்புறப் படுத்திருக்கும் ஸ்ரீஜாவும் அதைக் கேட்டிருப்பாள்.

“சார்? பேரு?”

எந்த மேடையிலும் அவர் தன் பெயருக்கு முன்னால் ஊரையும் இனிஷியலையும், பின்னால் பட்டத்தையும் பதவியையும் விட்டுச் சொன்னதில்லை.

“ஸ்ரீஜாவோட அப்பா” என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டின்சி விதி பத்தொன்பதை ஒலிபெருக்கியில் முழுசாக வாசித்தாள். மொழி கம்பீரமாக இருந்தது. நால்வருக்கு மறுசுற்று. மூன்றாம் இலக்கின் மதிப்பெண் திரையில் உள்ளபடியே நிலைக்கும். போட்டி முடியும்வரை பட்ஸ் அதிகாரியை மாற்றலாகாது என்பதால் செயலாளர் குழியிலேயே தொடர்வார்.

பெரியமுத்து பீடியை எடுத்துப் பற்றவைத்து, ஓர் இழுப்பு இழுத்து, சிவராமகிருஷ்ணனிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். விதியைச் சொல்லவில்லை.

சிவராமகிருஷ்ணன் கட்டைவிரலால் இரண்டு பெட்டியின் குங்குமத்தையும் துடைத்தார். ஒன்றில் இரண்டு தெரிந்தது, மற்றதில் மூன்று. வயர்களை மாற்றினார். நான்கு இலக்குகளில் பெரியமுத்து ஓட்டைகளுக்கு ஒட்டுப்போட்டார். மூன்றாவதைத் தொடவில்லை.

கருவி இரைந்தது. டின்சி இல்லை.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“மொத அஞ்சு எப்படி இருந்துது?”

இதுவும் ஊர் முழுக்கக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். சிவராமகிருஷ்ணன் அண்ணாந்து மூன்றாம் இலக்கைப் பார்த்தார். பார்க்க நேரம் எடுத்துக்கொண்டார்.

“நடுவுல. அஞ்சும் நடுவுல. ஒரு அடையைப் போட்டா மறைஞ்சுடும்.”

“அம்மா போடற அடையா, ஹோட்டல் அடையா?”

“ஹோட்டல். சின்னது.”

ரைபிள் பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் வந்தது.

“சரி” என்றாள். “காந்தலூர் சொந்தக்காராத்து வழியாப் போக வேண்டாம். எனக்கு இன்னிக்கு யாரையும் பாக்க வேண்டாம். நேரா ஆத்துக்குப் போலாம்.”

“சரிம்மா.”

அவள் வைத்துவிட்டாள். அவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அது இன்னும் எதையோ சொல்லும் என்பதுபோல் பார்த்தார். கொடி மறுபடி சிவப்பாக ஏறியது. மறுசுற்றின் முதல் குண்டு வந்தது. இலக்கில் படவில்லை. மண்மேட்டின் உச்சியில் அடித்து, ஒரு கூடை ஈரமண்ணை இருவர் தலையிலும் கொட்டிற்று.

பெரியமுத்து கண்ணிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தலைவரு சுட ஆரம்பிச்சுட்டாரு சார்” என்றார். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னும் பதினாலு இருக்கு.”