சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தேதி

அந்த வாரம் முழுக்கக் கமருன்னிஸா டீச்சருக்கு உட்காரவே நேரமில்லை. திங்கட்கிழமை விளையாட்டுப் போட்டி. மறுநாள் கல்வித்துறைத் துணை ஆய்வாளர் வருகிறார். புதன்கிழமை மரம் நடு விழா. அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டம், நாடக ஒத்திகை என்று ஓடி, சனிக்கிழமை, செப்டம்பர் ஐந்தாம் தேதி ஆசிரியர் தினத்தில் போய் முடியும். நன்னிலத்துக்குக் கிழக்கே நாலு மைலில் இருந்த அரசவனூர் தொடக்கப்பள்ளியில் மொத்தம் மூன்று ஆசிரியர்கள். அதில் ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். மிச்சம் தலைமையாசிரியர் காயாரோகணமும் கமருன்னிஸாவும்தான். சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து வரவேற்புப் பாட்டு சொல்லிக் கொடுப்பது வரை எல்லாம் அவள் தலையில் விழுந்தது.

இருந்தாலும் சந்தோஷமாகத்தான் அந்த வாரத்தை எதிர்பார்த்திருந்தாள். நாகப்பட்டினத்துக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டு மூன்று வருஷமாகிவிட்டது. அவள் புருஷன் மீரா உசேன் சிங்கப்பூரில் நிலையான வேலையில்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தான். கடிதமே அபூர்வம். மகள் நஃபீசாவை நாகப்பட்டினத்தில் அவளுடைய அக்கா, லாத்தா, வளர்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறிப் போய் திங்கட்கிழமை காலையில் திரும்பி வரும் தாயை அந்தப் பிள்ளை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்திருந்தது. வேலையை விடவும் முடியாது. அவள் சம்பளத்தில்தான் மூன்று பேர் சாப்பிட்டார்கள்.

மாறுதலுக்கு ஒன்றியத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அரசவனூர் பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சநதத்தின் மச்சான். ஊரில் பாதி நிலம் பஞ்சநதத்தினுடையது. கமருன்னிஸா குடியிருந்த பின்கட்டு அறையும் அவருடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை கதர் கட்டியவர், ஆட்சி மாறியதும் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறியிருந்தார். இந்த வருஷம் ஆசிரியர் தினத்தைப் பந்தல் போட்டுக் கொண்டாடுவோம், டீச்சருக்குப் பொன்னாடை போர்த்துவோம், மேடையிலேயே மாறுதல் உத்தரவு கையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று அவரே சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் ரயிலை விட்டிறங்கி வேகவேகமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவளிடம் காயாரோகணம்தான் விஷயத்தைச் சொன்னார்.

"போன வியாழக்கெழம நடவு வயல்ல நடந்த அடிதடி தெரியுமுல்ல? வெளியூர் ஆளுவள எறக்குனாங்கன்னு தகராறு. தலைவரோட காரியஸ்தர் கண்ணுசாமிக்கு மண்டை ஒடஞ்சு, கை முறிஞ்சு போச்சு. ஏழு பேரு மேல கேசு. மருதையனத்தான் மொத எதிரின்னு போட்டு உள்ள வச்சிருக்காங்க."

கமருன்னிஸா கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தாள்.

"சார், வியாழக்கெழம எத்தன மணிக்கு நடந்துச்சாம்?"

"பத்தரை, பதினொன்னு இருக்கும்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அதிலிருந்தே அவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை மருதையன் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தான். வரச் சொன்னவளே அவள். ஆய்வுக்கு முன்னால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று தெற்குத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, மருதையனின் மகள் நீலாம்பாள் இன்னும் எங்கேயும் சேரவில்லை என்பது தெரிந்தது. அவன் மகளுக்குத் தலை வாரிவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டான். தலைமையாசிரியர் வரவில்லை. கையெழுத்துக்கு அவர் வேண்டும். "கொஞ்சம் ஒக்காருங்க" என்று அவள்தான் சொன்னாள். அவன் பெஞ்சில் உட்காராமல், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். காயாரோகணம் வந்தபோது மணி பதினொன்றே முக்கால். பதிவேட்டில் பெயர், வயது, தேதி எல்லாம் கமருன்னிஸாவின் கையெழுத்து. 27-8-70. கீழே மருதையன் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதியிருந்தான்.

"நாம போய்ச் சொல்லிடலாமா சார்?"

காயாரோகணம் மைதானத்தைப் பார்த்தார். சாக்கு ஓட்டத்துக்காகப் பிள்ளைகள் கோணியைச் சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல இந்த ஓட்டத்த முடிப்போம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை துணை ஆய்வாளர் வந்தார். பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னார், மதிய உணவு உப்புமாவை ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தார், பாராட்டி நாலு வரி எழுதிவிட்டுப் போனார். அவரை வழியனுப்ப வந்த பஞ்சநதம் திரும்பிப் போகாமல் வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சர், ஒரு நிமிஷம் வாங்க."

அவர் எப்போதுமே தன்மையாகப் பேசுகிறவர். அன்றைக்கு இன்னும் தன்மையாக இருந்தார்.

"கண்ணுசாமிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்தேன். பாவம், புள்ளகுட்டிக்காரன். அடிச்சவன் பொய்ச் சாட்சி தேடுறான். பள்ளிக்கூடத்துல இருந்தேன்னு வக்கீல வச்சு மனுப் போட்டிருக்கான். போலீசு ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கும்."

கமருன்னிஸா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு அவரு வந்தாரு அய்யா."

"வந்திருப்பான். எந்த நேரத்துக்கு வந்தான், எந்தத் தேதியில வந்தான், யாரு கண்டா? நூத்தி நாப்பது புள்ளைங்கள மேய்க்கிறீங்க. ஒங்களுக்கு எப்புடி ஞாபகம் இருக்கும்?" அவர் சிரித்தார். "ஒங்க ஆர்டரு ரெடியா இருக்கு டீச்சர். மச்சான் சனிக்கெழம பேனாவோட வாராரு. பச்சப் புள்ளய விட்டுட்டு எத்தன நாளு இருப்பீங்க?"

அவர் போன பிறகு அவள் பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டின் இரண்டாவது அடியைச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று தரம் ஒரே அடியையே சொன்னதைப் பிள்ளைகள்தான் எடுத்துச் சொன்னார்கள்.

புதன்கிழமை மரம் நட்டார்கள். வாய்க்கால் கரையில் வேலி கட்டிக்கொண்டிருந்தபோது மருதையனின் மனைவி எல்லையம்மாள் வந்தாள். அழவில்லை. மகளைக் கையில் பிடித்திருந்தாள்.

"டீச்சரம்மா, புள்ள ஸ்கூலுக்கு வரமாட்டேங்குது. அப்பாவப் புடிச்சிக்கிட்டுப் போனதுக்கு இந்த எடந்தான் காரணம்னு நெனைக்குது. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

கமருன்னிஸா குனிந்து நீலாம்பாளின் கையில் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்தாள். பிள்ளை அதை வாங்கிக் கீழே போட்டது.

"நான் ஒண்ணும் கேக்க வரல" என்றாள் எல்லையம்மாள். "ஒங்களுக்கும் புள்ள இருக்காமே. அந்த மனுசன் எதுக்கு இங்க வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கெஞ்சியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். இவள் சாக்குச் சொல்லவும் இடம் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து பிள்ளைகள் கலைந்ததும் காயாரோகணம் அலுவலக அறைக்கு அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் சேர்க்கைப் பதிவேடு விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பிளேடு.

"எழுதுனது ஒங்க கை. நான் தொட்டா நல்லாயிருக்காது" என்றார். "ஏழுல மேல இருக்குற கோட்டச் சொரண்டுனா ஒன்னாயிரும். இருபத்தொன்னாம் தேதி. யாருக்கும் சந்தேகம் வராது."

"சார், அது தப்பில்லையா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயது. ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம்.

"நான் அன்னைக்கு லேட்டு. அதுவும் சொல்லாம கொள்ளாம. மூணு மாசமா அடிக்கடி லேட்டு. வீட்டுல படுத்த படுக்கையா கெடக்குறா, அவளுக்கு எல்லாஞ் செஞ்சுட்டுத்தான் கெளம்ப முடியுது. மருதையன் ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தான்னு கேட்டா என்னம்மா சொல்லுவீங்க?"

அவர் வெளியே போய்விட்டார். கமருன்னிஸா பிளேடைக் கையில் எடுத்தாள். அந்த ஏழின் தலைக்கோடு ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. இரண்டு தரம் சுரண்டினால் போய்விடும். நாளைக்குச் சாயங்கால ரயிலில் நாகப்பட்டினம் போகலாம், திங்கட்கிழமை திரும்பி வரவேண்டியதில்லை. வேண்டாம் என்றால் காயாரோகணத்தின் கடைசி ஒன்றரை வருஷத்தையும் சேர்த்துக் கெடுத்ததாக ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் பெயர் நின்றது. பிளேடு முனையைக் காகிதத்தில் வைத்தாள். முனை வழுக்கி, தேதிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. பிளேடைக் காகிதத்தில் சுற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, பதிவேட்டை மூடினாள். அது துணிச்சல் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதற்கு மேல் முடியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்து வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், ஒலிபெருக்கி, மேடைமேல் சால்வை போர்த்திய நாற்காலிகள். ஒன்றியத் தலைவர் அரை மணி நேரம் அடுக்குமொழியில் பேசினார். பஞ்சநதம் தன் கையாலேயே கமருன்னிஸாவுக்கான பொன்னாடையை எடுத்துக் கொடுத்தார். போர்த்தும் வேலையைத் தன் மனைவி சௌந்தரநாயகியைச் செய்ய வைத்தார். முன்வரிசையில் சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். விழாவுக்கும் வந்தாயிற்று, வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஏற்பாடு.

"டீச்சர் ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

எழுந்து நின்றவளுக்கு எதிரே பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெற்குத் தெருப் பெண்கள் யாரும் பந்தலுக்குள் வரவில்லை. தூரத்தில் களத்துமேட்டு ஓரமாக நின்றார்கள். அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்றாள். உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் கேட்டபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அலுவலக அறையில் சப்-இன்ஸ்பெக்டர் தாளை விரித்துவைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் பஞ்சநதம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கதவோரம் காயாரோகணம். பொன்னாடையைக் கழற்றி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சும்மா ஒரு வரிதான் டீச்சர். மருதையன் இருபத்தேழாம் தேதி காலையில இங்க வந்தானான்னு ஒங்களுக்குச் சரியா நெனவில்ல. அப்புடித்தானே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நெனவிருக்கு."

பேனா நின்றது. பஞ்சநதம் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"பத்து மணிக்கு வந்தாரு. மகளச் சேர்த்துட்டு பன்னெண்டு மணிக்கு முன்னாடிதான் போனாரு. நடுவுல எங்கயும் போகல. நான் அதே அறையிலதான் இருந்தேன்."

"ஒரு புள்ளயச் சேக்க ரெண்டு மணி நேரமா?"

காயாரோகணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வகுப்பு இருந்துச்சு. நான்தான் காத்திருக்கச் சொன்னேன்" என்றாள் கமருன்னிஸா. தலைமையாசிரியரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குக் கோர்ட்டுல வந்து நிக்கணும். பொம்பள."

"நிக்குறேன். பதிவேடு இருக்கு. எழுதிக்குங்க."

அவர் பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம் எழுந்து, வெற்றிலைச் சாற்றைச் சன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, "டீச்சர் சொல்றத எழுதிக்குங்க சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு ஒன்றியத் தலைவர் உத்தரவைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து மருதையனின் பெயரை வழக்கிலிருந்து எடுத்தார்கள். அதே வாரத்தில் கமருன்னிஸாவின் மனுவும் திரும்பி வந்தது. மேலே ஒரு குறிப்பு: அரசவனூர் மக்கள் பெரிதும் போற்றும் ஆசிரியை, ஊராரின் வேண்டுகோளை ஏற்று இப்பள்ளியிலேயே பணியில் தொடர அனுமதிக்கப்படுகிறார். கீழே பஞ்சாயத்துத் தீர்மானம், முப்பது பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து பஞ்சநதத்தினுடையது.

அவள் நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"நான் ஊர விட்டுப் போறேன்னுதானே கேட்டேன். ஒங்களுக்கும் நிம்மதிதானே அய்யா?"

"என்ன டீச்சர் இப்புடிப் பேசுறீங்க? ஒங்கள மாதிரி உண்ம பேசுறவங்கள ஊரு விட்டுக் குடுக்குமா?" என்றார் அவர். "அந்த அறையிலயே இருங்க. வாடக ஏத்த மாட்டேன். எத்தன வருஷம் வேணும்னாலும் இருங்க."

அதன்பிறகு அக்ரகாரத்திலும் கீழத்தெருவிலும் யாரும் அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. மளிகைக் கடையில் கடைசி ஆளாகச் சாமான் கொடுத்தார்கள். காயாரோகணம் மட்டும் தினமும் பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வந்ததும் அவளுடைய வகுப்புக் கரும்பலகையைத் தானே துடைத்து வைத்தார்.

ஐப்பசி அடைமழை தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, ரயிலடியிலிருந்து வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் மருதையன் எதிர்ப்பட்டான். தலையில் சாக்கு போட்டிருந்தான். அவளைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"எங்க வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டாள்.

"இங்க யாரும் கூப்புடுறதில்ல டீச்சர். ஆறு மைலு தாண்டிப் போறேன். பொழுதடஞ்சு வந்துருவேன்." அவன் தயங்கினான். "நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க? மாத்தலு வந்துருச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

"வரல. மறுபடி எழுதிப் போட்டிருக்கேன்."

அவன் தலையிலிருந்த சாக்கின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எம்மவ ஒழுங்கா வருதுங்களா?"

"வருது. தெனமும் வருது. ஒங்க பேர எழுதிக் காட்டுச்சு. மூணாவது எழுத்து மட்டும் சரியா வரல."

மருதையன் தலையை ஆட்டினான். மழை வலுத்தது. அவன் கிழக்கே போனான். அவள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது.