ஒரு சுற்றுக்கு இரண்டு சதவீதம்

"என்னங்க, சுண்டெலியோட இன்ஹேலர் பம்ப்புல மிச்சம் எத்தனை டோஸ்னு காலைல பார்த்தேன். நூத்திப் பன்னெண்டு" என்றாள் மனைவி போனில், வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து.

"சரி, அதுக்கென்ன?"

"போன வாரமும் நூத்திப் பன்னெண்டுதான். தினம் 'அடிச்சாச்சு'ன்னு நம்ம காதுல பூ சுத்தியிருக்கா." கொஞ்சம் நிறுத்தினாள். "மேல் வீட்டு வாலுக்கும் இந்த மாசம் பம்ப் வாங்க யாரும் வரல."

சுண்டெலி என்று நாங்கள் கூப்பிடுவது எங்கள் மகளை. ஒன்பது வயது, ஆஸ்துமா. வால் அவளுடைய தோழி. வகுப்பும் ஒன்று, நோயும் ஒன்று.

"லீவு விட்டதும் விட்டாங்க. வை, நான் கேக்குறேன்."

நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். வேறு கிரகத்தில் குடியேறும் வீடியோ கேம் ஒன்றுக்கு விதிகள் எழுதுகிறேன். ஆட்டத்தில் இரண்டு வழி. கிரகத்தின் காற்றையே நமக்கு ஏற்றபடி மாற்றலாம். நானூறு சுற்று ஆகும். அல்லது மரபணுவைத் திருத்தி மனிதனை மாற்றலாம், ஐம்பதே சுற்று. இரண்டாவது வழி சப்பென்று இருக்கிறது என்று புகார் வந்ததால், போன மாதம் ஒரு நிபந்தனை சேர்த்தேன். திருத்திய மனிதர்களைப் பழக்க, குடியிருப்பின் காற்றைச் சுற்றுக்கு இரண்டு சதவீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டால் சாவார்கள். பொறுமையாகக் குறைத்தால் மாறுவார்கள்.

அதை எனக்காக முதலில் ஆடிப் பார்த்ததே சுண்டெலியும் வாலும்தான்.

என் கணினியிலேயே அவர்களுடைய ஆட்டத்தைத் திறந்தேன். குடிமக்கள்: இரண்டு பேர். பெயர்கள்: சுண்டெலி, வால். காற்று: பூஜ்யம். குறிப்புப் பெட்டியில் என் மகள் எழுதியிருந்தாள்: 'பம்ப் கூடாது. ப்யூரிஃபையர் தினம் ஒரு புள்ளி கம்மி. கடைசி நாள் அலமாரி.'

அப்போதுதான் உறைத்தது. அவள் அறையில் இரவும் பகலும் ஓடும், காற்றைச் சுத்தம் செய்யும் ப்யூரிஃபையரின் சத்தம் கேட்கவில்லை.

ஓடினேன். படுக்கை காலி. அலமாரியின் அடியில், கதவிடுக்கில், ஒரு துண்டு உள்ளிருந்து திணிக்கப்பட்டிருந்தது.

கதவைப் பிடுங்கித் திறந்தேன். தொங்கும் துணிகளுக்குக் கீழே குறுகி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. நெஞ்சில் வழக்கமாக வரும் விசில் சத்தம்கூட இல்லை. விசில் நின்றுபோனால் காற்று உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முகவரி சொல்லிக்கொண்டே, என் மேஜை டிராயரிலிருந்த அவசரப் பம்ப்பை எடுத்து அவள் வாயில் வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதுக்குத்தான் விசில் வந்தது. இத்தனை வருடமாக நான் வெறுத்த சத்தம்.

"ஏன்டி கண்ணு இப்படிப் பண்ணின?"

"நீங்கதானேப்பா சொன்னீங்க..." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "காத்தை மாத்த... நானூறு சுத்து. ஆளை மாத்த... அம்பதுதான்."

"அது விளையாட்டு, செல்லம். அதுலகூட முதல்ல மரபணுவைத் திருத்தணும்ல?"

"திருத்தியாச்சேப்பா. ஸ்கூல்ல... ஊசி போட்டாங்கல்ல? ரெண்டு பேருக்கும்."

பள்ளியில் போட்டது சாதாரணத் தடுப்பூசி. அதைச் சொல்ல வாயெடுத்தவன், அவளுடைய கடைசி வார்த்தையில் நின்றேன்.

"ரெண்டு பேருக்குமா? வால் இப்ப எங்க?"

"அவ வீட்ல. அவளும் அலமாரிலதான். முதல்ல வெளிய வர்றவங்க... தோத்தாங்க." முகம் கோணியது. "போங்கப்பா, நான் தோத்துட்டேன்."

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் பம்ப்போடு மாடிப்படிகளில் ஏறினேன். மணியை விடாமல் அழுத்தினேன். வாலின் அப்பா நிதானமாக வந்து திறந்தார்.

"அட, வாங்க சார். என்ன, பொண்ணைத் தூக்கிட்டு?"

"வால் எங்க?"

"ரூம்லதான் இருக்கா. என்ன மாயமோ, ஒரு மணி நேரமா சத்தமே இல்ல." சிரித்தார். "இன்னிக்குத்தான் சார் இது வீடு மாதிரி இருக்கு."

அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வாலின் ப்யூரிஃபையர்கூட ஓடவில்லை.