பழனியாண்டி அன் சன்ஸின் மூன்று பெட்டிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்புத்தான் கேட்டார்கள்.

கேட்டவள் தர்மிளா. கஹவத்தைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் தொழில் பார்க்கிறவள். 'பழனியாண்டி அன் சன்ஸ்' என்ற கம்பனிக்கு அவள் ஒரு திட்டம் வரைந்திருந்தாள். கஹவத்தையில் தலைமைக் கடை, கலவானயில் உரக்கடை, ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஸ்டோர். மூன்றின் கணக்கும் பூட்டோடும் காவலோடும் ஒன்றாக இருக்கவேண்டும். அந்தத் திட்டத்தைச் சாதாரண ஆட்களுக்கு விளங்கும் தமிழில் எழுதித் தரச் சொன்னாள்.

"நீங்கதான் எந்நேரமும் வாசிச்சிக்கிட்டே இருக்கீங்களே அண்ணே."

வாசிக்கிறவனுக்கு எழுத வரும் என்பது, சாப்பிடுகிறவனுக்குச் சமைக்க வரும் என்பதைப் போன்ற ஒரு நம்பிக்கை. நான் அதைக் கெடுக்கவில்லை.

திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'சேர்வர் வைக்கும் இடம்:'. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டிருப்பதை அதிகநேரம் வாசிப்பேன். விளக்கக் குறிப்பு அங்கேயே நின்றுபோனது.

[சேர்வர் என்பது கம்பனியின் எல்லாக் கணக்கையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்கிற கணினிக்கெல்லாம் எடுத்துக்கொடுக்கும் பெரிய கணினி. இந்தக் கதையில் எல்லோரும் அதைப் 'பொட்டி' என்பார்கள். அவர்கள் சொல்வதே வசதி.]

2

தொடக்கம் அ: 'மலைமுகடுகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த அதிகாலையில், தர்மிளா தன் தோள்பையைச் சரிசெய்தபடி…'

வேண்டாம். கஹவத்தையில் இறங்குவது வியர்வை. தர்மிளாவுக்குப் படித்துக்காட்டினேன்.

"பனி நுவரெலியாவுல அண்ணே. அங்கன்னா பொட்டிக்கு ஏசியே தேவயில்ல."

தொடக்கம் ஆ: 'தகவல் என்பது என்ன? மனிதன் தன் நினைவை முதன்முதலாகத் தனக்கு வெளியே வைத்தபோது…'

இதைப் படித்துக்காட்டும் துணிவு எனக்கில்லை.

தொடக்கம் இ, பஸ். இதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பழைய நெட்வர்க்கே பஸ்தான். கலவானயில் செல்லத்துரை அன்றைய விற்பனையை ஒரு பென்டிரைவில் ஏற்றி, பத்திரிகைத் தாளில் சுற்றி, கண்டக்டர் லாபிரிடம் கொடுப்பார். அது இரத்தினபுரியில் பஸ் மாறி, இன்னொரு கண்டக்டரின் சட்டைப்பையில் கஹவத்தை வந்துசேரும். லாபிர் இதற்குக் கூலி வாங்குவதில்லை. பஸ்ஸில் போட இரண்டு புதுப் பாட்டு அதே பென்டிரைவில் வேண்டும், அவ்வளவுதான். செல்லத்துரை பாட்டுகளை இணையத்தின் ஏதோ ஒரு சந்துக்குள் போய் இறக்குவார். ஒருநாள் பாட்டோடு வைரஸும் இறங்கியது. அது லாபிரின் பஸ்ஸை ஒன்றும் செய்யவில்லை. கஹவத்தைக் கடையின் கணக்குகளை மட்டும் பூட்டிவிட்டுப் போனது.

அதன்பிறகுதான் தர்மிளாவைக் கூப்பிட்டார்கள்.

3

கஹவத்தைக் கடையின் பின்னறையில், பருப்பு மூட்டைகளுக்கு நடுவே கூட்டம். பழனியாண்டியின் பிள்ளைகள் மூவரும் வந்திருந்தார்கள். மூத்தவர் அன்னலட்சுமி அக்கா. தகப்பன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தலைமைக் கடையை நடத்துகிறவர். நடுப்பிள்ளை செல்லத்துரை, கலவான. கடைசி ஜெயகாந்தன், ரம்புக்கனை.

தர்மிளா படத்தை விரித்தாள்.

"மூணு எடத்துக்கும் நடுவுல பூட்டுன பாதை ஒண்ணு போடுறேன். சுரங்கம் மாதிரி. வெளியாளு யாரும் உள்ள வர முடியாது. பென்டிரைவ் இனிமே கெடயாது. பொட்டி ஒரு எடத்துல இருக்கும்."

"எந்த எடத்துல?" என்றார்கள் மூவரும்.

அந்தக் கூட்டத்தில் மூவரும் ஒத்துப்போனது அந்தக் கேள்வியில் மட்டும்தான்.

"கலவானயில வைப்போம். இப்ப வியாபாரம் அங்கதான் நியமய்," என்றார் செல்லத்துரை. பாதி நாள் சிங்களத்தில் வியாபாரம் பேசுகிறவர்; நியமய் என்றால் பிரமாதம்.

"மழ வந்தா ஒங்க ரோட்டுல வள்ளம் போகுது. பொட்டிக்கு நீச்சல் தெரியுமா அண்ணே?" என்றார் ஜெயகாந்தன்.

"ஒன் ஸ்டோர் மட்டும் என்னவாம்? ரயிலு போனா சொவரே நடுங்குது. பொட்டிக்கு நெஞ்சுவலி வந்துரும்."

அன்னலட்சுமி அக்கா இருவரும் ஓயும்வரை இருந்தார்.

"சாமி ரூமுல வைங்க. பூட்டு இருக்கு. ஈரம் இல்ல. செருப்போட யாரும் வரமாட்டாங்க."

"அக்கா, கற்பூரப் புகை பொட்டிக்கு ஆகாது," என்றாள் தர்மிளா.

"அப்ப சாமிய மாத்துறேன்."

அக்கா வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"வெளிய போர்டுல என்னா போட்டிருக்கு? பழனியாண்டி அன் சன்ஸ். சன்ஸ் ரெண்டு பேரும் இங்க குந்தியிருக்காங்க. தெனமும் இந்தக் கடைய தொறக்கிறவ பேரு அதுல எங்கடா இருக்கு? நான் கேட்டனா? கேக்கல. பொட்டியாவது எங்கிட்ட இருக்கட்டும். இல்லாட்டி இந்தத் தீபாவளியோட பிரிச்சிக்குவோம். மூணு கடை, மூணு போர்டு."

தம்பிமார் பருப்பு மூட்டைகளைப் பார்த்தார்கள். அக்கா சும்மா சொல்கிற ஆள் இல்லை என்பது மூட்டைகளுக்கும் தெரியும்.

(இங்கே ஒரு கிளைக்கதை வரவேண்டியது: யார் எந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று தர்மிளா ஒரு வரிசை போட்டாள். அதை மூவரும் கல்யாணப் பத்திரிகையை வாசிப்பதுபோல வாசித்தார்கள். யார் பெயர் மேலே, யாருடையது கீழே, மச்சானை விட்டுவிட்டார்களா என்று. அதை எழுதப்போனால் இரண்டு மச்சான்மாரையும் கதைக்குள் விடவேண்டும். கதைக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். விடவில்லை.)

4

தர்மிளா கொழும்புக்குப் போய் ஒன்றல்ல, மூன்று பெட்டிகளோடு திரும்பி வந்தாள். ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே மாதிரிச் சிமிட்டும் பச்சை விளக்குகள். கடைக்கு ஒன்றாகப் பொருத்தினாள். பொருத்திய ஒவ்வோர் இடத்திலும் சாவியைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி ஒரே வாசகத்தைச் சொன்னாள்:

"மெயின் பொட்டி ஒங்ககிட்டத்தான். மத்த ரெண்டும் அதோட நெழலு. வெளிய சொல்லிறாதீங்க. பாதுகாப்பு."*

செல்லத்துரை பெட்டிக்குக் கலவான வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்தார். ஜெயகாந்தன் அதன் காலுக்கடியில் பழைய டயர் துண்டு வைத்தார், ரயில் அதிர்வுக்கு. அன்னலட்சுமி அக்கா குங்குமப் பொட்டு வைத்தார். தீபாவளிப் பிரிவினைப் பேச்சு அத்தோடு அடங்கியது. தம்பிமாரிடம் அவர் கரிசனையாகப் பேச ஆரம்பித்தார், பாவம் நிழல் வைத்திருக்கிற பிள்ளைகள் என்பதுபோல. தம்பிமாரும் அவரிடம் அப்படியே பேசினார்கள்.

* 'பாதுகாப்பு' என்று சொல்லிவிட்டால் இந்த நாட்டில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. தர்மிளா இதைப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்க மாட்டாள்.

5

இந்த இடத்தில் எனக்குத் தர்மிளா மேல் சந்தேகம் வந்தது. ஒரு பொறியியலாளர் மூன்று பேரிடம் ஒரே பொய்யைச் சொல்வாளா? வாசிக்கிற நீங்கள் நம்புவீர்களா? ஃபோன் எடுத்துக் கேட்டேன்.



"நான் பொய் சொல்லலன்னு எழுதுங்க அண்ணே," என்றாள்.

தர்மிளா பொய் சொல்லவில்லை.

எழுதிவிட்டேன். பார்த்தால் முன்னையைவிட மோசமாக இருக்கிறது.

6

தர்மிளாவின் திட்டத்தில் பெட்டியை ஒருபோதும் நிறுத்தக்கூடாது என்று எழுதியிருந்தது. இடி விழுந்தால், வெள்ளம் வந்தால், கரண்ட் போனால், எலி வயரைக் கடித்தால், திருடன் வந்தால் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தாள். ஆயுத பூசைக்கு வைக்கவில்லை.

அவளுக்குத் தெரியாததல்ல. வருடாவருடம் அந்த நாளில் அவள் அப்பா இறப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி கழுவப்பட்டு, சந்தனம் பூசி, சாமிப் படத்துக்கு முன்னால் படுத்திருக்கும். மறுநாள் காலைவரை தொடமாட்டார்கள். கத்தியை நினைத்தவள் சேர்வரை நினைக்கவில்லை.

பூசையன்று மாலை. லயத்து வீட்டில் தர்மிளா கடலையும் அவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய ஃபோன் அலறியது: கலவான பெட்டி இல்லை. அடுத்து ரம்புக்கனை இல்லை. அடுத்து கஹவத்தையும் இல்லை. யாரோ உள்ளே புகுந்துவிட்டான் என்று கடலைத் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்தாள். அன்னலட்சுமி அக்காவுக்கு அடித்தாள்.

"ஒண்ணுமில்ல புள்ள, பதறாத. நாந்தான் ஓய்வு குடுத்தேன். தராசு, மிசினு எல்லாம் தூங்குது, அது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு? பாத்தியா, நம்ம பொட்டி கண்ண மூடுனதும் கம்பனியே அடங்கிருச்சு."

செல்லத்துரை அதையே சொன்னார். ஜெயகாந்தனும் அதையே சொன்னார். மூவருக்கும் அன்று கிடைத்தது சாட்சியோடு கூடிய பெருமை.

7

சிக்கல் மறுநாள் காலையில்.

அன்னலட்சுமி அக்கா பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில் பெட்டியைப் போட்டார். விளக்குகள் சிமிட்டின. ஆனால் பில் போடும் கணினியில் 'காத்திருக்கவும்' என்ற ஒரு சொல்தான் வந்தது. கடையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தம்பிமாரின் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் இன்னும் வரவில்லை.

"போட்டுட்டேன் புள்ள. லைட்டு எரியுது. கடை வரல," என்றார் ஃபோனில்.

முடிவு அ: தர்மிளா உண்மையைச் சொன்னாள். அக்கா ஏணி கொண்டுவரச் சொன்னார், போர்டைக் கழற்றுவதற்கு. ஏணியில் ஏறி முதல் ஆணியை…

எழுதும்போதே எனக்குத் தலை சுற்றியது. அக்காவை இறக்கிவிட்டேன்.

முடிவு ஆ: "வயர் லூசா இருக்கும் அக்கா," என்றபடி தர்மிளா மற்றக் கையால் செல்லத்துரைக்கு…

"எங்கிட்ட எத்தன ஃபோன் இருக்குன்னு நெனச்சீங்க?" என்று இதைத் தர்மிளாவே அடித்துவிட்டாள்.

உண்மையில் நடந்தது இது. தர்மிளா பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நான் முதலில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அதில் அந்த மரப்பலகை போர்டும், மழையில் மங்கிய அதன் எழுத்துகளும் வந்தன. வெட்டிவிட்டேன்.

"தம்பிமாரு இன்னும் போடலயா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"ம்."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்…"

"சொல்லாத."

பிறகு யாருக்கோ சீனி நிறுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

"அடுத்த வருசம் மூணு எடத்துக்கும் நானே ஒரே நேரம் குறிச்சிக் குடுக்கிறேன். மூத்தவ குறிச்சா கேப்பானுங்க. நீ அந்தத் திட்டத்துல அதையும் எழுதிக்க புள்ள."

கொஞ்ச நேரத்தில் கலவானயில் செல்லத்துரை சாம்பிராணி காட்டிவிட்டுத் தன் பெட்டியைப் போட்டார். கஹவத்தைத் திரை விழித்தது. அன்னலட்சுமி அக்கா கடைக்குள் திரும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்: "நம்ம பொட்டி முழிச்சிருச்சு. வாங்க, ஒவ்வொருத்தரா."

8

தர்மிளா பின்னர் எனக்கு விளக்கினாள். மெயின் பெட்டி என்று ஒன்றே இல்லையாம். மூன்றிலும் ஒரே கணக்கு. மூன்றில் இரண்டு விழித்தால்தான் கம்பனி திறக்கும். தனியாக விழிக்கிற பெட்டி, மற்ற இரண்டும் தனக்குத் தெரியாமல் ஏதாவது எழுதிவிட்டனவோ என்று காத்திருக்கும்.

"எத மெயின்னு சொன்னாலும் சரிதான், அதுனாலதான் பொய் இல்லன்னு சொன்னேன் அண்ணே. இது ஒங்களுக்கு மட்டும்தான். வெளிய சொல்லிறாதீங்க. பாதுகாப்பு."

எனக்கு அது அழகாகப் பட்டது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அதை ரசித்தேன். ரசித்து முடித்தபிறகுதான் உறைத்தது. குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் என்று சொல்லி, கடைசியில் பாதுகாப்பு. இதை மூன்று பேர் என்னைவிட முன்னால் கேட்டிருக்கிறார்கள். நான் நாலாவது பெட்டியோ என்னவோ.

அன்னலட்சுமி அக்காவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் நேரம் குறித்துத் தருகிறேன் என்றாரா? கேட்கலாம். கஹவத்தைக்கு பஸ் இருக்கிறது. கடைவரை ஒருமுறை போனேன், சீனி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போர்டு அப்படியேதான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன், பெட்டியின் குங்குமம் மட்டும் புதிது.

விளக்கக் குறிப்பை எழுதிக் கொடுத்தாயிற்று. ஆயுத பூசை பற்றி ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். முதல் பக்கத்து வெற்றிடத்தைத் தர்மிளா நிரப்பவில்லை, என்னாலும் முடியவில்லை. எனவே அதை அப்படியே பெயர்த்து இங்கே வைக்கிறேன்.

சேர்வர் வைக்கும் இடம்: ……………………

நிரப்புகிறவர்கள் பென்சிலால் நிரப்புங்கள். ஆள் வராத மத்தியானங்களில் அன்னலட்சுமி அக்காவும் புத்தகம் வாசிப்பார். இது அவர் கைக்குப் போவதற்குள் அழிக்கிற மாதிரி இருக்கட்டும்.